இன்னும் வந்து சேராத ரத்தம்

புனித ஓடுல்ஃப் மருத்துவமனையின் லேபில் எந்த ரத்தமும் ஒருபோதும் காத்திருந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. லேப் வாசலில் பித்தளைத் தகட்டில் பொறித்து, தினமும் துடைத்து வைக்கிறார்கள். எங்கள் பிரபாண்ட் மாகாணத்தில் பொய் சொல்வது கேவலம். ஆகவே தகட்டில் உள்ளது எப்போதும் உண்மையாகவே இருக்கும்படி லேபை நடத்துகிறார்கள். எப்படி நடத்துகிறார்கள் என்று என் பக்கத்துப் பண்ணைக்காரர் நவுட் கைப்பர்ஸுக்குத் தெரியும். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நவுட் பன்றி வளர்ப்பவர். பிறந்ததிலிருந்து யார் வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் போனதில்லை. ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். அவர் மனைவி டினி நேர் எதிர். வாயைத் திறந்தால் பாதிரியாரும் பாதி வழியில் திரும்பிப் போய்விடுவார். ஒரு பிப்ரவரியில் பன்றிக் கொட்டில் கம்பி டினியின் உள்ளங்கையைக் கிழித்தது. கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டு தீவனம் போட்டாள். இரண்டாம் நாள் பல் கிட்டிக்கொள்கிற அளவுக்குக் குளிர் காய்ச்சல். நவுட் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

வரவேற்பில் இருந்த நர்ஸ் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "உயிருள்ள பன்னிகளோட உங்களுக்குத் தொடர்பு உண்டா?"

"முப்பது வருஷமா ஒண்ணோடதான் குடும்பம் நடத்துறேன்," என்றாள் டினி, நடுங்கிக்கொண்டே.

நர்ஸ் சிரிக்காமல் 'ஆம்' என்று பதிந்துகொண்டாள். அதன் பிறகு டினியை இரட்டைக் கதவு போட்ட தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் மஞ்சள் அங்கி, முகமூடி, கையுறை மாட்டிக்கொண்டுதான் வந்தார்கள். நவுட்டுக்கும் மாட்டிவிட்டார்கள். மனைவியோடு ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவர் கையுறையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ஃபெம்கே வந்தாள். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு," என்றாள். "இப்போ ஏத்துற ஆன்டிபயாடிக் வேலை செய்யுதான்னு சந்தேகமா இருக்கு. பன்னிப் பண்ணைக் கிருமிங்க சிலது இந்த மருந்துக்கெல்லாம் மசியாது. அதுக்குன்னு பலமான மருந்து ஒண்ணு இருக்கு. என் பாக்கெட்லதான் அந்த அலமாரி சாவி."

"அப்போ அதையே குடுத்துடுங்களேன்."

"குடுக்க முடியாது. கண்டவங்களுக்கும் குடுத்தா கிருமிக்கு அதுவும் பழகிடும். மசியாத கிருமிதான்னு மின்னல் சொல்லணும். சொன்ன அடுத்த நிமிஷம் ஏத்திடுவேன்."

"மின்னலா?"

"கீழ லேப்ல இருக்கிற மெஷின். அப்படித்தான் பேர் வெச்சிருக்காங்க. முன்னெல்லாம் ரெண்டு மூணு நாள் ஆகும். இப்போ நாப்பது நிமிஷம்."

நாற்பது நிமிஷம் என்றதும் நவுட்டுக்கு உயிர் வந்தது. ரத்தத்தை எடுத்தார்கள், குப்பியில் அடைத்தார்கள், பெயர் ஒட்டினார்கள், சுவரிலிருந்த காற்றுக் குழாயில் போட்டார்கள். குழாய் அதை ஒரு தும்மல் நேரத்தில் லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

நாற்பது நிமிஷம் ஆனது. சாயங்காலம் ஆனது. ஃபெம்கே லேபுக்குப் போன் செய்து பார்த்துவிட்டு வந்து, "இன்னும் வந்து சேரலையாம்," என்றாள்.

"குழாய்ல மாட்டிக்கிச்சோ?"

"குழாய் சுத்தமா இருக்குன்னு சொல்றாங்க. வேணும்னா இன்னொரு குப்பி எடுக்கிறேன்." இன்னொரு குப்பியும் எடுத்து அனுப்பினாள். அதுவும் வந்து சேரவில்லை.

மறுநாள் காலை டினி ஏறுமாறாகப் பேச ஆரம்பித்தாள். பெண் பன்றிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை தெளிந்து நவுட்டைப் பார்த்து, "மஞ்சள் உனக்குப் பொருந்தல," என்றாள். பிறகு, "கீழ போய் நீயே கேட்டா என்ன? கடிச்சா தின்னுடுவாங்க?" என்று கேட்டாள். நவுட்டுக்குப் பயமாக இருந்தது. மனைவி செத்துவிடுவாள் என்கிற பயம் ஒரு பக்கம், முன்கூட்டிச் சொல்லாமல் ஓரிடத்துக்குப் போகிற பயம் ஒரு பக்கம். முதல் பயம் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் எழுந்து போனார்.

லேப் வாசலில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆன்னமீக் உட்கார்ந்திருந்தாள். வருகிற ரத்தத்தையெல்லாம் வரவேற்பது அவள் வேலை. தலையில் காகிதக் கிரீடம் வைத்திருந்தாள்.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

"எனக்கு இல்ல. என் மனைவியோட ரத்தம்… நேத்து மத்தியானமே அனுப்பிச்சோம்."

"பேரு?"

"டினி கைப்பர்ஸ்."

அவள் திரையைப் பார்த்தாள். "வரலை."

நவுட் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். எதிர்ச் சுவரில் பெரிய ஜன்னல். அதற்குக் கீழே ஹீட்டர். ஜன்னல் விளிம்பில் வாழ்த்து அட்டைகள் வரிசையாக நின்றன. அட்டைகளுக்கு நடுவில் இரண்டு குப்பிகள் இருந்தன. டினியின் பெயர் அங்கிருந்தே படிக்கும்படி இருந்தது.

"அதோ இருக்கே," என்றார்.

ஆன்னமீக் திரும்பிப் பார்த்தாள். "ஆமா, இருக்கு."

"அப்போ வந்துடுச்சு இல்லையா?"

"இருக்கு. ஆனா வரலை," என்றாள், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற பொறுமையோடு. "நான் இன்னும் வரவேற்கலையே."

விவாதம் நீளும் என்று தெரிந்ததும் உள்ளிருந்து லூடோ வந்தார். லேபின் வேகத்துறை மேலாளர். அப்படி ஒரு பதவி ஓடுல்ஃபில் உண்டு. உயரமானவர். பெயரைக் கேட்டுக்கொண்டே நவுட்டின் தோளே ஆடும்படி கைகுலுக்கினார். எதையும் மூடி மறைக்காமல் பேசுவது தன் பலம் என்று அவரே எல்லாரிடமும் சொல்லுவார்.

"நான் நேரா சொல்லிடறேன் நவுட். கடிகாரம் எப்போ ஓட ஆரம்பிக்குது? ரத்தத்தை நாங்க வரவேற்கும்போது. குப்பியை இந்த ஸ்கேனரோட கண்ணாடிக் கண்ணுக்கு முன்னாடி காட்டணும். டிங்னு ஒரு சத்தம் வரும். டிங்குக்கு அப்புறம் நாப்பது நிமிஷத்துல பதில் வரலைன்னா அது எங்க தோல்வி. தலை குனிஞ்சு ஒத்துக்குவோம். டிங்குக்கு முன்னாடி நடக்கிறது வெளி உலகம். வெளி உலகத்துக்கு ஒரு லேப் எப்படிப் பொறுப்பாகும்?"

"அப்போ டிங் பண்ணிடுங்க."

"பண்ணலாம். ஆனா உங்க வீட்டம்மா பன்னிக்காரங்க. மசியாத கிருமியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அப்படின்னா மின்னல் சந்தேகப்பட்டு ரெண்டாவது தடவை பாக்கும். அறுபது நிமிஷம் இழுத்துடும். இன்னைக்கு மின்னலுக்கு முதல் பிறந்தநாள். தி ஹேக்லேர்ந்து அரசாங்க விருதுக் குழு வருது. இந்த ஒரு வருஷத்துல ஒரு ரத்தம்கூட நாப்பதைத் தாண்டினதில்ல. நீங்க நேர்மையான மனுஷன், நீங்களே சொல்லுங்க. இத்தனை பேரோட ஒரு வருஷ உழைப்பை ஒரு குப்பி கெடுக்கலாமா?"

கேள்வி கேட்டால் யோசித்துப் பதில் சொல்கிற வழக்கமுள்ளவர் நவுட். யோசித்தார். "கெடுக்கக் கூடாதுதான். ஆனா…"

"பாத்தீங்களா, நீங்களும் ஒத்துக்கிட்டீங்க." லூடோ ஆன்னமீக்கைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். எங்கள் நாட்டில் எல்லாரும் கூடிப் பேசி எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு காரியம் நடக்கும். ஒத்துக்கொண்ட பிறகு யாராலும் அதை நிறுத்தவும் முடியாது.

"அவ சாகுறா சார்," என்றார் நவுட்.

லூடோவின் முகம் உண்மையாகவே வாடியது. நவுட்டின் தோளில் கை வைத்தார். "இதை மனசுக்குள்ளயே வெச்சுக்காம சொன்னீங்க பாருங்க, அதுதான் முக்கியம். நிறைய பேர் சொல்றதில்ல. வாங்க, உள்ள வந்து உக்காருங்க. விழா முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

லேபின் நடுவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தின் தலைமாட்டில் மின்னல் நின்றது. குளிர்சாதனப் பெட்டி அளவில் வெள்ளை மெஷின். உச்சியில் காகிதக் கிரீடம், இடுப்பில் வண்ணத் தோரணம். பிறந்தநாள் விழா முடியும்வரை அதற்கு வேலை தரக் கூடாது என்று ஊழியர் குழு தீர்மானம் போட்டிருந்தது.

பிறந்தநாள் வட்டத்துக்குள் நுழைகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாற்காலியில் தொடங்கி, ஒருவர் விடாமல் கைகொடுத்து, பிறந்தநாள்காரருக்காக அவரை வாழ்த்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். தெரியாதவராக இருந்தாலும் வாழ்த்த வேண்டும். இதைச் செய்யாமல் நேரே போய் உட்காருகிறவன் அந்த வீட்டுச் சூப்பில் துப்பியவனுக்குச் சமம். நவுட் செய்தார். "உங்க மெஷினுக்காக வாழ்த்துக்கள். உங்க மெஷினுக்காக வாழ்த்துக்கள்." லேபில் அத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

காலி நாற்காலி ஒன்றே ஒன்று, ஜன்னலை ஒட்டி இருந்தது. உட்கார்ந்தார். ஹீட்டரின் சூடு முழங்காலில் பட்டது. காதுக்கு அருகே டினியின் ரத்தம். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். நாலு எட்டு வைத்தால் டிங் சொல்லும் அந்தக் கண்ணாடிக் கண். ஆனால் உட்கார்ந்ததுமே ஒரு கையில் காபியைக் கொடுத்தார்கள், மறு கையில் செர்ரி கேக் தட்டைக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிட்டார்கள்.

நான் அவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஏன் நவுட் எழுந்திருக்கவில்லை என்று. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்லுவார். "தட்டை வைக்க இடமில்ல."

விருதுக் குழுவின் தலைவி தெர் ஹோர்ஸ்ட் அம்மையார் வந்தார். அவரும் வட்டம் முழுக்கக் கைகொடுத்தார். பாடினார்கள். மின்னல் நீடூழி வாழ வேண்டும் என்று கையைத் தூக்கி மூன்று முறை வாழ்த்தினார்கள். நவுட் காபிக் கோப்பையோடு கையைத் தூக்கியதில் கொஞ்சம் சட்டையில் சிந்தியது. பிறகு அம்மையார் கேள்வி கேட்டார்.

"இந்த ஒரு வருஷத்துல மின்னல் எத்தனை மசியாத கிருமியைக் கண்டுபிடிச்சிருக்கு?"

"ஒண்ணுகூட இல்லை," என்றார் லூடோ. வட்டம் கைதட்டியது.

"ஒண்ணுகூட இல்லைன்னா இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கு?"

"இல்லைங்கிறதை சீக்கிரமா சொல்றதுக்கு," என்றார் லூடோ. "மத்த ஆஸ்பத்திரிங்க அதே 'இல்லை'யை மூணு நாள் கழிச்சு சொல்றாங்க. அதுவரைக்கும் நோயாளி சந்தேகத்துலயே படுத்திருக்கணும். நாங்க யாரையும் சந்தேகத்துல விடுறதில்ல. மசியாத கிருமி இருக்குமோன்னு தோணுற ரத்தம் அதுவா பழகி, தயாராகிற வரைக்கும் அதைக் கட்டாயப்படுத்துறதும் இல்ல. அது ரத்தத்துக்கு நாங்க குடுக்கிற மரியாதை."

"பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே படுக்கை காலியாகிடும்," என்றாள் ஆன்னமீக், உதவியாக.

"ஆமா. அப்போ குப்பியைத் திருப்பி அனுப்பிடுவோம். வராத ரத்தத்தை நாங்க வெச்சுக்கிறதில்ல," என்றார் லூடோ.

அம்மையாருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. குறித்துக்கொண்டார். பிறகு நவுட் பக்கம் திரும்பினார். "நீங்க மின்னலுக்கு என்ன உறவு?"

"என் மனைவியோட ரத்தம் இங்க…" என்று ஜன்னல் விளிம்பைப் பார்த்தார் நவுட்.

"அப்படியா. வாழ்த்துக்கள்," என்று அம்மையார் கையை நீட்டினார்.

"நன்றி," என்றார் நவுட். அந்த நன்றியை நினைத்துத்தான் அவர் இன்றும் பல்லைக் கடிக்கிறார்.

விருதுப் பத்திரத்தில் கையெழுத்து ஆனது. மை காய்ந்ததும் லூடோவுக்குத் தாராள மனம் வந்துவிட்டது. "நவுட், இப்போ உங்க வீட்டம்மாவை வரவேற்கலாம்," என்றார். வட்டம் நாற்காலிகளை மின்னல் பக்கம் திருப்பிக்கொண்டது. ஆன்னமீக் குப்பியைத் தொட்டுப் பார்த்து, "இதமா இருக்கு," என்றாள். கண்ணாடிக் கண்ணுக்கு முன் காட்டினாள். டிங்.

எல்லாரும் கால்பந்து பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அறுபது நிமிஷம் ஆகும் என்று லூடோ அம்மையாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைத்தார். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் மின்னல் காகிதத்தைத் துப்பியது. மசியாத கிருமி. இன்ன மருந்துக்கு மட்டும் மசியும்.

எல்லாரும் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஆன்னமீக் சொன்னாள். "நேத்துலேர்ந்து ஹீட்டர் மேல இருந்துதில்ல. கிருமி நல்லா கொழுத்துப் பெருகிடுச்சு. மின்னல் ரெண்டாவது தடவை பாக்கவே தேவையில்லாம போச்சு."

லூடோவின் கண் கலங்கியது. "நாட்டுலயே யாரும் இருபத்திரண்டுல முடிச்சதில்ல. இத்தனை நாள் ஜன்னல்ல வெச்சிட்டிருந்தோம், ஆனா அதோட அருமை நமக்கே தெரியல." வட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மையாரும் தட்டினார்.

நவுட் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். வட்டத்தை விட்டுப் போகிறவரும் ஒருவர் விடாமல் கைகொடுத்துத்தான் போக வேண்டும். அவர் பாதி வட்டத்துக்குக் கைகொடுத்ததோடு ஓடிவிட்டார். மீதிப் பேருக்கு அந்த வருத்தம் வெகுநாள் இருந்தது.

மேலே தனி அறையின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. மஞ்சள் அங்கிகளைச் சுருட்டிக் கூடையில் போட்டிருந்தார்கள். டாக்டர் ஃபெம்கே முகமூடி இல்லாமல் நின்றாள். அவளுடைய முகத்தை நவுட் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார். சின்னப் பெண், பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் காகிதத்தை நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். பழக்கத்தில் அவள் கை பாக்கெட்டுக்குப் போய் அலமாரிச் சாவியை எடுத்தது. எடுத்ததை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டாள். நவுட் கையுறை இல்லாமல் டினியின் கையைப் பிடித்துக்கொண்டார். இனி தடை ஏதும் இல்லை.

இறுதிச் சடங்கன்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. மருத்துவமனைச் சுவரில் "எங்களிடம் மசியாத கிருமி இல்லை" என்று ஒரு பலகை உண்டு. டினியால் அதற்குப் பங்கம் வந்துவிட்டதோ என்று நவுட் கவலைப்பட வேண்டாம் என்று லூடோ ஆறுதல் சொன்னார். முடிவு வந்தபோது டினி உயிரோடு இல்லை. உயிரோடு இல்லாதவர் நோயாளி இல்லை. நோயாளியே இல்லாதபோது கிருமி எப்படி மருத்துவமனையின் கணக்கில் வரும்? வேகம் மட்டும் அவள் கணக்கில் நிற்கும். தகட்டுக்குக் கீழே இன்னொரு தகடு மாட்டினார்கள். 'டினி கைப்பர்ஸ், இருபத்திரண்டு நிமிடம்.' சந்தேகத்துக்குரிய ரத்தம் எல்லாவற்றையும் இனி ஹீட்டர் மேல் வைப்பது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த பிப்ரவரியில் மின்னலின் இரண்டாவது பிறந்தநாளுக்கு நவுட்டை முக்கிய விருந்தினராக அழைத்தார்கள். போவதாகச் சொன்னார். நான் திட்டினேன். "போகணும். ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார். அந்த வார்த்தையை அவர் பன்றிகளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகியது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தினமும் கேட்கும். "என் டினியை நீங்க எல்லாரும் சேர்ந்து கொன்னீங்க. கேக் தின்னுக்கிட்டே கொன்னீங்க." முதலில் முணுமுணுப்பாக இருந்தது. நாளாக ஆகக் குரல் திடமானது. பன்றிகள் தீவனத்தை விட்டு நிமிர்ந்து பார்க்கும்.

இறுதிச் சடங்குக்குப் போட்ட அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். ஜன்னல் விளிம்பை மரப்பலகை வைத்து அகலமாக்கியிருந்தார்கள். குப்பிகள் வரிசையாக இருந்தன. நவுட் முதல் நாற்காலியில் தொடங்கி எல்லாருக்கும் கைகொடுத்தார். உட்கார்ந்தார். காபி வந்தது, கேக் வந்தது, டப்பா மூடியது.

லூடோ எழுந்து பேசினார். "வேகம்னா என்னன்னு எங்களுக்குக் கத்துக்குடுத்தவங்க டினி. அவங்க வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தை சொல்லணும்."

லூடோ உட்கார, நவுட் எழுந்தார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கோப்பை. தொண்டையைச் செருமினார். வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அப்போது கதவு திறந்தது. மழையில் தொப்பலாக நனைந்த ஒரு பெண் நின்றாள். சைக்கிளில் வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள். "எங்கப்பாவோட ரத்தம்… நேத்து அனுப்பிச்சது… வந்துடுச்சான்னு…" பேசும்போதே அவள் கண் ஜன்னல் விளிம்புக்குப் போனது. அங்கே ஒரு பெயரைப் படித்துவிட்டு அங்கேயே நின்றது.

வட்டம் கேக் மெல்லுவதை நிறுத்தியது. இப்படி நடுவில் வந்து நின்றால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? எல்லாரும் நவுட்டைப் பார்த்தார்கள். எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான். ஒரு வருஷமாகப் பழகிய வாக்கியத்துக்காக அவர் வாயைத் திறந்தார். நாற்காலிகள், தட்டுகள், காத்திருக்கிற முகங்கள், வாசலில் கைகொடுக்காமல் நிற்கிற ஒருத்தி. அவர் காது சிவந்தது.

"மொதல்ல எல்லாருக்கும் கை குடும்மா," என்றார் நவுட். தன் நாற்காலியைக் காலால் கொஞ்சம் தள்ளி அவளுக்கு இடம் விட்டார்.

அவள் ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு முதல் நாற்காலியை நோக்கி நீட்டினாள்.